விரல் கறுக்கும்வரை

அந்தக் காலத்தில் செடியிடம் பேர் கேட்டால் அது வாய் திறந்து சொல்லும். இலையைத் திருப்பிப் பார்ப்பது, தண்டை முகர்ந்து பார்ப்பது என்கிற தொல்லையெல்லாம் யாருக்கும் இல்லை. ஓடைக்கரைக்குப் போனோமா, குனிந்து "நீ யாரு தாயி?" என்று கேட்டோமா, "நான் வல்லாரை" என்றோ "நான் நீர்முள்ளி, கையைப் பாத்து வையி" என்றோ அது சொன்னதும் பறித்தோமா, அவ்வளவுதான்.

அதற்கு ஒரு முறை இருந்தது. கேட்காமல் பறிக்கக் கூடாது. கேட்டால் செடி பதில் சொல்லாமல் இருக்கக் கூடாது. பேர் சொன்ன செடியின் வேரடியில் ஒரு கை தண்ணீர் விட்டு, "உன்னை வெறுமையாக்க மாட்டேன், என் வீட்டுக் குறையைத் தீரு" என்று சொல்லி, மறுபடி துளிர்க்கிற மாதிரி கணுவுக்கு மேலே கிள்ள வேண்டும். இந்த ஏற்பாட்டில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். செடி பொய் சொன்னால் என்ன செய்வது என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை. பொய் சொல்வது தங்களுக்கு மட்டுமே கைவந்த வித்தை என்று மனிதர்களுக்கு ஒரு பெருமை.

மலையடிவாரத்தில் கீழச்சுனை என்று ஓர் ஊர் இருந்தது. ஊருக்கு மேற்கே ஒரு ஓடை இறங்கி, ஈரப்புல் வெளி வழியாக வயலுக்குப் போகும். அந்தக் கரையில்தான் கரிசலாங்கண்ணி வளரும். எதிரெதிராக ஒல்லி இலை, இலைக்கக்கத்தில் சட்டைப் பொத்தான் மாதிரி சின்ன வெள்ளைப் பூ. பெரிய அழகி என்று சொல்ல முடியாது. ஆனால் கண் மஞ்சளானவர்களுக்கு அதுதான் மருந்து என்று அந்த ஊரில் ஆடு மேய்க்கிறவனுக்குக்கூடத் தெரியும்.

அந்த ஊரில் உலகம்மா என்று ஒருத்தி இருந்தாள். அவளைப் போல சந்தேகம் பிடித்தவளை நீங்கள் பார்த்திருக்க முடியாது. மோர் கொடுத்தால் முகர்ந்து பார்ப்பாள். சாய்த்துப் பார்ப்பாள். பூனைக்குக் கொஞ்சம் ஊற்றிப் பார்ப்பாள். பூனை குடித்துவிட்டு நன்றாக இருந்தால், இது எதற்கு இப்படி நடிக்கிறது என்று அதையே முறைத்துக்கொண்டிருப்பாள்.

சும்மா சொல்லக் கூடாது, அவள் பிறக்கும்போதே அப்படி இல்லை. அவளைக் கட்டிக்கொடுப்பதற்கு முன்னால் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனார்கள். தொழுவம் நிறைய மாடு நின்றது. வாயெல்லாம் பல்லாகத் திரும்பி வந்து கல்யாணத்தை முடித்தார்கள். தாலி ஏறிய மறுநாள் அந்த ஊர்க்காரர்கள் ஒவ்வொருத்தராக வந்து தங்கள் தங்கள் மாட்டை அவிழ்த்துக்கொண்டு போனார்கள். கடைசியில் தொழுவத்தில் மிஞ்சியது உலகம்மாதான். கொஞ்ச காலம் கழித்து, உப்பு வாங்கி வருகிறேன் என்று போன அந்த ஆளும் திரும்பவில்லை. அவள் தம்பி வீட்டுக்கே வந்து சேர்ந்தாள். பிறகு அவள் யாரை நம்புவாள்? தம்பி நல்லமாடன் ஒருவனைத்தான் முழுசாக நம்பினாள். அதுவும் அவன் தூங்கும்போதுதான் என்று ஊரில் கேலி பேசுவார்கள்.

நல்லமாடனின் பெண்டாட்டி ஆவுடை. கல்யாணமாகி வந்து இன்னும் ஒரு பொங்கல்கூட வைக்கவில்லை. அவள் உலகம்மாவுக்கு நேர் எதிர். வளையல்காரன் பித்தளையைக் காட்டித் தங்கம் என்றால், "அப்படியா அண்ணே" என்று கண்ணை விரிப்பாள். இவள் இவ்வளவு வெள்ளையாகச் சிரிக்கிறாளே, உள்ளே என்ன வைத்திருக்கிறாள் என்று அவள் வந்த நாளிலிருந்தே உலகம்மா அவளைக் கவனித்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாததே பெரிய சந்தேகமாக இருந்தது.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. ஓடை கணுக்கால் அளவுக்கு இறங்கியது. ஊரில் ஆளாளுக்குக் கண் மஞ்சளானது. எல்லோரும் ஓடைக்கரைக்கு ஓடினார்கள். பேர் கேட்டார்கள், சரி. ஆனால் வேரடியில் தண்ணீர் விடுவதும் கணுவுக்கு மேலே கிள்ளுவதும் மறந்துபோனது. பயத்தில் இருக்கிறவன் முறையையா பார்ப்பான்? கைக்கு வந்ததை வேரோடு பிடுங்கிக்கொண்டு போனார்கள். கரை முழுக்கக் குழி குழியாகக் கிடந்தது.

கடைசியாக நல்லமாடன் விழுந்தான். முதலில் கண் மஞ்சளானது, அப்புறம் நகம். ஆவுடை கூடையை எடுத்துக்கொண்டு ஓடினாள். கரையெல்லாம் தேடி, சாய்ந்து கிடந்த ஒரு தாழம்புதருக்கு அடியில் பச்சை தெரிந்ததும் மூச்சு வந்தது. அங்கே இரண்டு செடிகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஒரே இலை, ஒரே பூ. ஆவுடை தன் காலுக்குக் கிட்ட இருந்ததிடம் குனிந்து கேட்டாள்.

"நீ யாரு தாயி?"

பதில் கொஞ்சம் தாமதமாக வந்தது.

"நான்... கரிசலாங்கண்ணி."

அவள் இடத்தில் உலகம்மா நின்றிருந்தால் அந்தத் தாமதத்தையே பிடித்துக் கேள்வி கேட்டிருப்பாள். ஆவுடை ஒரு கை தண்ணீர் விட்டாள், சொல்ல வேண்டியதைச் சொன்னாள், கணுவுக்கு மேலே பதமாகக் கிள்ளி மடியில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள்.

அவள் அம்மியில் அரைத்துக்கொண்டிருந்தபோது உலகம்மா பின்னால் வந்து நின்றாள்.

"என்னட்டி அரைக்க?"

"கரிசலாங்கண்ணி மதினி."

"யாரு சொன்னா?"

"அதுவே சொல்லிச்சு."

"அது சொல்லும். நீ கேட்டியா, இல்ல கேட்டேன்னு என்கிட்ட சொல்லுதியா?"

"கேட்டேன் மதினி. தண்ணியும் விட்டேன்."

உலகம்மா ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்தாள். பச்சிலை வாசம்தான் அடித்தது. குறை சொல்ல ஒன்றும் இல்லை. உம்மென்று போய்விட்டாள். ஆவுடை அதை மோரில் கலந்து வெறும் வயிற்றில் புருஷனுக்குக் கொடுத்தாள்.

தினமும் காலையில் போய்ப் பறித்தாள், அரைத்தாள், கொடுத்தாள். பக்கத்து வீடுகளில் ஒவ்வொருத்தராக எழுந்து நடமாட ஆரம்பித்தார்கள். நல்லமாடன் மட்டும் எழவில்லை. உடம்பு வற்றிக்கொண்டே வந்தது. கஞ்சியைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பினான். கண்ணில் மஞ்சள் இறங்குவதற்குப் பதிலாக ஏறிக்கொண்டே போனது. ஆவுடை, என்ன தவறு செய்கிறோம் என்று தெரியாமல் அரைத்ததையே இன்னும் நைசாக அரைத்தாள்.

உலகம்மா கிணற்றடியில் வாயைத் திறந்துவிட்டாள்.

"எல்லாரு வீட்டுலயும் அதே கரிசலாங்கண்ணிதான். எல்லாரும் எந்திரிச்சிட்டாவ. என் தம்பி மட்டும் படுத்துக் கெடக்கான். அவ கையில என்ன இருக்கோ, யாரு கண்டா?"

இதைச் சொல்லிவிட்டால் போதாதா? ஒரு வாய் பத்து வாயானது. ஆவுடை தண்ணீருக்கு வந்தால் பேச்சு நின்றது. சாயங்காலம் நல்லமாடனின் சித்தப்பா வீட்டுக்கு வந்து, வாசலில் நின்றபடியே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"காலையில வண்டி பூட்டச் சொல்லியிருக்கேன். இவளைக் கொண்டுபோய் இவ அப்பன் வீட்டுல விட்டிருங்க. இனிமே மருந்து உலகம்மா கையால கொடுக்கட்டும்."

அந்த ஊரில், புருஷன் படுத்துக் கிடக்கும்போது வண்டி ஏற்றி அனுப்பப்பட்டவள் திரும்பி வந்தது கிடையாது. அவன் பிழைத்தால் வேறு கல்யாணம் நடக்கும். செத்தால் அவன் முகத்தைப் பார்க்கக்கூட அவளை அழைக்க மாட்டார்கள். நஞ்சு வைத்தவள் என்கிற பேரோடு அவள் காலம் முழுக்க இருக்க வேண்டியதுதான். ஆவுடைக்கு இது தெரியும். அவள் அழுது புரளவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

உள்ளேயிருந்து நல்லமாடன் குரல் மெலிசாகக் கேட்டது. "அவ கொடுத்தா நான் குடிப்பேன் சித்தப்பா."

அதைக் கேட்டதும்தான் அவளுக்கு அழுகை வந்தது.

"மாமா, வண்டி ஏறச் சொன்னா ஏறுதேன். காலையில ஒரே ஒரு தடவ மருந்து பறிச்சுக் கொடுத்துட்டுப் போறேன்."

சித்தப்பா உலகம்மாவைப் பார்த்தார். உலகம்மா "கொடுக்கட்டும்" என்றாள். இரக்கப்பட்டுச் சொன்னாள் என்று நினைத்துவிடாதீர்கள். கடைசித் தடவை என்றால் நஞ்சைக் கை நிறையப் பறிப்பாள், கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்பது அவள் கணக்கு.

விடிந்து வெளிச்சம் நன்றாக வந்தபிறகு ஆவுடை கூடையோடு கிளம்பினாள். கொஞ்சம் தள்ளி உலகம்மா பின்தொடர்ந்தாள். ஓடைக்கரையில் தாழம்புதருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். தாழை முள் முதுகில் குத்தியது. இதுவும் அவளோடு கூட்டு என்று நினைத்துக்கொண்டு பல்லைக் கடித்தாள்.

ஆவுடை குனிந்தாள். எந்த விஷச்செடியையும் தேடி அவள் போகவில்லை. அதே இடத்தில், அதே செடியிடம் கேட்டாள்.

"நீ யாரு தாயி?"

"நான் கரிசலாங்கண்ணி."

உலகம்மா தன் காதாலேயே கேட்டாள். ஆவுடை தண்ணீர் விட்டாள். பிறகு செடிக்கு முன்னால் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நீ கரிசலாங்கண்ணின்னா ஏன் தாயி நோய்க்குக் கேக்க மாட்டேங்க? ஊருக்கெல்லாம் கேட்டியே. நான் எதுவும் முறை தப்பிட்டேனா? சொல்லு, மாத்திக்கிடுதேன். வண்டி பூட்டிக்கிட்டு இருக்காவ. இன்னைக்குத்தான் கடைசி. அவுகளை நான் இனிமே பாக்கவே முடியாது."

செடி "பறிச்சுக்கோ" என்று மட்டும் சொன்னது.

புதருக்குப் பின்னாலிருந்து உலகம்மா எட்டிப் பார்த்தாள். திருடியைப் பிடிக்க வந்த இடத்தில் திருடி இல்லை. அவளுக்கு ஏமாற்றமாக இருந்தது என்று சொன்னால் பாவம், ஆனால் முதலில் அப்படித்தான் இருந்தது. அப்புறம் வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தோடு ரொம்ப நேரம் இருக்க அவளுக்குப் பிடிக்கவில்லை. இவள் பொய் சொல்லவில்லை, தம்பியோ செத்துக்கொண்டிருக்கிறான். அப்படியென்றால் வேறு யாரோ பொய் சொல்கிறார்கள். அவள் கண் மெல்ல அந்தச் செடியின் மேல் போய் நின்றது.

"கைய எடுட்டி!" என்று கத்திக்கொண்டு வெளியே வந்தாள்.

ஆவுடை பதறி எழுந்தாள். "மதினி, நீங்க எப்படி..."

"அதை அப்புறம் கேளு." உலகம்மா செடிக்கு முன்னால் குந்தினாள். "ஏ, நீ யாரு?"

"கரிசலாங்கண்ணி."

"இதுக்கு முன்ன உன்னைப் பறிச்ச ஒரு ஆளைச் சொல்லு."

"நெறைய பேரு."

"ஒருத்தரைச் சொல்லு."

செடி இலையை ஆட்டியது. காற்று அடிக்கவில்லை. உலகம்மா அதைக் குறித்துக்கொண்டு பக்கத்துச் செடியிடம் திரும்பினாள். அது கொஞ்சம் உள்ளே தள்ளி, தாழை நிழலில் நின்றது. அதன் காலடியில் பொடிப்பொடியாகக் கன்றுகள் முளைத்திருந்தன.

"நீ யாரு?"

"அதான் அவுக சொல்லுதாவல்லா? பிறகு என்ன, என்னைப் போய்க் கேட்டுக்கிட்டு?"

உலகம்மாவுக்குக் காது விடைத்தது. கேட்ட கேள்விக்குப் பதில் வராமல் பக்கத்தில் கையைக் காட்டுகிற இந்தப் பேச்சு அவளுக்குப் பழக்கமானது. ஒரு காலத்தில் இப்படிப் பேசும் ஊரில் அவள் வாழ்ந்திருக்கிறாள்.

அந்த இரண்டு செடிகளின் வேருக்கு நடுவே ஒரு நண்டு வளை இருந்தது. நண்டு வாசலில் நின்று எல்லாவற்றையும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது.

"ஏ நண்டு, நீ இதுக வேரடியிலதான் குடியிருக்க. எது கரிசலாங்கண்ணி?"

நண்டு இந்தப் பக்கம் கொஞ்சம் நடந்தது, அந்தப் பக்கம் கொஞ்சம் நடந்தது. "நான் கீழ இருக்கவன் தாயி. மேல யாரு என்ன பேரு சொல்லுதாவன்னு எனக்கு எப்படித் தெரியும்? வேரு எல்லாம் ஒண்ணு போலத்தான் இருக்கு" என்றது.

அதற்கு எல்லாம் தெரியும். ஆனால் வளை சரியாமல் நிற்க இரண்டு வேரும் வேண்டும். யாரைப் பகைத்துக்கொள்வது?

"மதினி, நேரம் ஆகுது" என்றாள் ஆவுடை. "கேட்டா சொல்ல மாட்டேங்குதுகளே. என்ன செய்ய?"

"கேட்டாத்தானே பொய் சொல்லுதுக? கேக்கவே கூடாது" என்றாள் உலகம்மா.

சொல்லிக்கொண்டே இரண்டு கைகளையும் நீட்டினாள். வலது கையால் இந்தச் செடியிலும் இடது கையால் நிழலில் நின்ற அந்தச் செடியிலும் ஒவ்வொரு கொத்தை வெடுக்கென்று ஒடித்தாள். பேர் கேட்காமல், தண்ணீர் விடாமல், ஒரு வார்த்தை சொல்லாமல். அதுவரை அந்தப் பூமியில் யாரும் அப்படிச் செய்ததில்லை. நண்டு வளைக்குள் ஓடிவிட்டது. ஆவுடை வாயைப் பொத்திக்கொண்டாள். உலகம்மா இரண்டையும் உள்ளங்கையில் வைத்து விரலால் நசுக்கினாள். கையை விரித்து நீட்டினாள்.

இரண்டு கையிலும் பச்சைச் சாறுதான்.

"ரெண்டும் பச்சை மதினி. ரெண்டும் ஒண்ணுதான்" என்றாள் ஆவுடை, சோர்ந்துபோய்.

"இரு."

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் கையைக் கழுவிக்கொண்டு எழுந்திருப்பார்கள். உலகம்மா பச்சையையும் நம்பவில்லை. கையை விரித்தபடியே உட்கார்ந்து, இடது கையை ஒரு முறை, வலது கையை ஒரு முறை முறைத்துக்கொண்டிருந்தாள். ஊர்ப் பக்கமிருந்து வண்டி மாட்டின் சலங்கைச் சத்தம் கேட்டது.

"மதினி, வண்டி வந்துட்டு. என்னை விடுங்க, அவுகளை ஒருக்க பாத்துட்டாவது போறேன்."

"இருன்னு சொல்லுதேன்லா."

இடது கையில் சாறு மங்கியது. ஓரத்தில் இருளத் தொடங்கி நடுவுக்கு வந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள்ளங்கை ரேகையெல்லாம் கறுத்தது, அடுப்புக்கரியைத் தொட்ட மாதிரி. வலது கை பச்சையாகவே இருந்தது. அதுவரை எந்தச் செடியின் சாறும் அப்படிக் கறுத்து அந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை.

"அய்யோ, விஷம்!" ஆவுடை பாய்ந்து வந்து அவள் கையைப் பிடித்து ஓடைக்கு இழுத்தாள். "கழுவுங்க மதினி, கழுவுங்க!"

தன்னை நஞ்சு வைத்தவள் என்று ஊர் முழுக்கச் சொன்னவளின் கைக்காக அந்தப் பெண் அழுதாள். உலகம்மா ஒரு நிமிஷம் அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு கறுத்த கையை இறுக மூடிக்கொண்டாள்.

"எங்க வீட்டுக்காரன் மாடு எல்லாம் தன்னதுன்னு சொன்னான்" என்றாள். அவள் அந்தப் பேச்சை எடுத்து ஆவுடை கேட்டதே இல்லை. "வாய் கூசாமச் சொன்னான். சொன்னதோட அவனுக்குப் பாரம் போச்சு. படுத்தா உடனே தூங்கிருவான். மூஞ்சி பால் போல இருக்கும். பக்கத்து வீட்டுல ஒருத்தி இருந்தா. மாடு இரவல்னு அவளுக்கு முன்னமே தெரியும். எங்க ஆளுக வந்து விசாரிச்சப்ப வாயத் திறக்கல. பிறகு என்னைப் பாக்கும்போதெல்லாம் அவளுக்குத்தான் மூஞ்சி கறுத்துப் போகும்."

அவள் தாழை நிழலில் நின்ற செடியிடம் திரும்பினாள்.

"பொய் சொன்னது அது. அதுக்குள்ள ஒண்ணும் இல்ல. உள்ள வச்சிக்கிட்டு இருக்கது நீதான். இனிமேயாவது சொல்லு."

நிழல் செடி ஆடாமல் நின்று சொன்னது.

"நான்தான் கரிசலாங்கண்ணி."

ஆவுடை அப்படியே உட்கார்ந்தாள்.

"கரை பூரா எங்க கூட்டத்தை வேரோட பிடுங்கிட்டாவ" என்றது அது. "மிச்சம் நான் ஒருத்திதான். இந்தப் பிள்ளைகளுக்கு இன்னும் வேரு பிடிக்கல. நான் போனா வெயில்ல கருகிரும். இந்தப் பொண்ணு வந்தப்ப என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். அவ அதைக் கேட்டா. அது நான்தான்னு சொல்லிச்சு. நல்லதாப் போச்சுன்னு வாய மூடிக்கிட்டேன். முதல்ல நிம்மதியாத்தான் இருந்திச்சு. பிறகு இவ தினம் தினம் வந்து குனியும்போது உள்ள என்னமோ இறங்கி இறங்கி அடைச்சுக்கிட்டு. வெளிய எடுக்கவும் முடியல."

"ஆள் சாகக் கெடந்தானட்டி!" என்றாள் உலகம்மா.

"தெரியும்" என்றது கரிசலாங்கண்ணி.

ஆவுடை மற்றச் செடியைப் பார்த்தாள். "நீ ஏன் அப்படிச் சொன்ன?"

அதன் குரல் சின்னப் பிள்ளையின் குரல் மாதிரி இருந்தது.

"எனக்குப் பேரு இல்ல. நான் எதுக்கும் உதவ மாட்டேன், அதனால யாரும் வச்சதில்ல. இந்தக் கரையில எல்லாரையும் கேப்பாவ, என்னைத் தாண்டிப் போவாவ. நீதான் குனிஞ்சு கேட்ட. தாயின்னு வேற சொன்ன. பேரு இல்லன்னு சொன்னா நீயும் போயிருவியேன்னு பக்கத்துல இருக்கவ பேரைச் சொல்லிட்டேன். நீ தண்ணி விட்ட. மறுநாளும் வந்த."

ஆவுடைக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அவளுக்கு வரவில்லை. கண்தான் நிறைந்தது.

"அவுக எந்திரிக்கட்டும். நான் வந்து உனக்கு ஒரு பேரு வைக்கேன்" என்றாள்.

"பொய் சொன்னதுக்குப் பேரு ஒண்ணுதான் குறைச்சல்!" உலகம்மா அவளைத் தோளைப் பிடித்துத் திருப்பினாள். "கூடையக் கொண்டா."

கறுத்த உள்ளங்கையை முதலில் தன் நாக்கில் வைத்து நக்கினாள். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்தபிறகுதான் வேண்டிய மட்டும் பறித்தாள். ஒன்று சொல்ல வேண்டும். அவ்வளவு கோபத்திலும் கணுவுக்கு மேலேதான் கிள்ளினாள். போகும்போது, காய்ந்த தாழை மடல் ஒன்றை எடுத்து அந்தக் கன்றுகளுக்கு வெயில் படாமல் சாய்த்து வைத்துவிட்டுப் போனாள். ஆவுடை அதைப் பார்த்தாள் என்பது அவளுக்குப் பிடிக்கவில்லை.

வீட்டு வாசலில் வண்டி நின்றது. சித்தப்பா சாட்டையோடு நின்றார். உலகம்மா கறுத்த கையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"மாட்டை அவுத்து விடுங்க. இவ எங்கயும் போகல."

"நீதானே சொன்ன..."

"சொன்னேன். இப்ப இதைச் சொல்லுதேன்."

ஆவுடை அரைத்தாள். இந்த முறை அம்மியெல்லாம் கறுத்தது. நல்லமாடன் அந்தக் கறுப்பைப் பார்த்து முகத்தைச் சுளித்தான், பெண்டாட்டி கையைப் பார்த்தான், கண்ணை மூடிக்கொண்டு குடித்துவிட்டான். பிறகு ஒவ்வொரு நாளாக மஞ்சள் இறங்கியது. ஒருநாள் அவனே கஞ்சி கேட்டான். ஆவுடை அடுப்பங்கரையில் போய் நின்று வாய்விட்டு அழுதாள்.

உலகம்மா மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அவள் பழக்கம் அது இல்லை. ஆனால் ஒருநாள் மத்தியானம் ஆவுடை மோர் கொண்டுவந்து கொடுத்தபோது முகராமல், சாய்க்காமல், அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்து வைத்தாள். பங்குக்குக் காத்திருந்த பூனை ஏமாந்து நின்றது.

ஓடைக்கரையில் நடந்தது ஊருக்குத் தெரிந்துபோயிற்று. செடி பொய் சொல்லும் என்று தெரிந்தபிறகு யார் கேட்பார்கள்? எல்லோரும் கரைக்குப் போனதும் கிள்ளினார்கள், நசுக்கினார்கள், கையை விரித்து வைத்துக்கொண்டு முறைத்தார்கள். பக்கத்து ஊர்களுக்கும் பேச்சு பரவியது. முதலில் செடிகள் தாமாகவே "நான் வல்லாரை, நான் பொன்னாங்கண்ணி" என்று சொல்லிப் பார்த்தன. "ஆமா, நீ சொல்லுவ" என்று சொல்லிவிட்டு இலையைத் திருப்பிப் பார்த்தார்கள், முகர்ந்தார்கள், கடித்துத் துப்பினார்கள். எத்தனை நாள்தான் கேட்பாரில்லாமல் பேசிக்கொண்டிருப்பது? ஒவ்வொன்றாக வாயை மூடிக்கொண்டன.

அடுத்த வருஷம் நல்ல மழை. ஓடை கரை தொட்டு ஓடியது. பக்கத்து வீட்டில் யாருக்கோ கண் மஞ்சள் என்று ஆவுடை கூடையோடு போனாள். அவள் இப்போது பழைய ஆவுடை இல்லை. வளையல்காரனிடம் வளையலை உரசிப் பார்த்து வாங்குகிறாள். யாராவது ரொம்பச் சிரித்தால் ஏன் என்று யோசிக்கிறாள். நம்பி நம்பி வண்டி ஏறும் வரைக்கும் போய் வந்தவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தாழம்புதரடியில் செடிகள் தளதளவென்று மண்டிக் கிடந்தன. ஆவுடை குனிந்தாள். காலுக்குக் கிட்ட இருந்த ஒன்றில் ஒரு கொழுந்தைக் கிள்ளினாள். உள்ளங்கையில் வைத்து நசுக்கினாள். கையை விரித்துக் காத்திருந்தாள்.

அந்தச் செடிக்கு அந்தக் கையைத் தெரியும். ஊரிலுள்ள செடிகளெல்லாம் பேச்சை நிறுத்திய பிறகும் அது ஒன்று மட்டும் நிறுத்தாமல் இருந்தது. யாராவது கேட்டால் இந்தத் தடவை உண்மையைச் சொல்ல வேண்டும் என்று நினைத்து வைத்திருந்தது. கேட்கட்டும், கேட்டதும் சொல்லலாம் என்று அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

சாறு பச்சையாகவே இருந்தது. ஆவுடை கையை உதறி, புடவையில் துடைத்துக்கொண்டு, அடுத்த செடிக்குப் போனாள்.

உலகம்மாவின் கை கறுத்த அன்று முதல்தான் ஓடைக்கரைக்குப் போகிறவர்கள் கரிசலாங்கண்ணியிடம் பேர் கேட்பதில்லை, கிள்ளி நசுக்கி விரல் கறுக்கும்வரை நின்று பார்க்கிறார்கள். அதன் பக்கத்திலேயே, அதே மாதிரி வெள்ளைப் பூவோடு, இன்னும் பேர் வைக்கப்படாத ஒரு செடியும் நின்று அவர்களைப் பார்க்கிறது.